மழை மாதங்களில் பந்துவீச்சைத் திருத்துவது எப்படி? மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு வரும் பிள்ளைகளுக்காக

தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் மென்பந்தை வேகமாகப் போடுகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இவனைப் பாடசாலை டீமில் சேருங்கள்" என்று யாராவது சொல்வார்கள். பிள்ளையும் ஆசையோடு போவான். கடினப்பந்தைக் கையில் எடுத்ததும் பழைய வேகம் எங்கே போனது என்றே தெரியாது. ஒரு பந்து லெக் பக்கமாக (துடுப்பாட்டக்காரனின் கால் பக்கமாக) ஓடும், அடுத்தது பாதி பிட்ச்சிலேயே குத்தும். சில வாரத்தில் தோள் வலி என்பான்.

இது திறமைக் குறைவு அல்ல. மென்பந்தாக ஆடுகிற டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம் வரைதான். பெரியவர்கள் ஆடும் கடினப்பந்து 156 முதல் 163 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. மென்பந்தைக் கையை விசுக்கியே வேகமாக அனுப்பிவிடலாம். கடினப்பந்துக்கு அது போதாது. பாதத்தில் தொடங்கி இடுப்பு, முதுகு, தோள் என்று வேகம் ஏறி வர வேண்டும். அந்த வரிசையைப் பழக்குவதற்குப் போட்டிகள் இல்லாத மாதங்களைவிட நல்ல நேரம் கிடையாது.

பக்கத்தில் நின்று உதவுகிற அண்ணன், அப்பா, "நீங்களே கிரிக்கெட்டையும் பாருங்கள் சேர்" என்று பொறுப்பு தலையில் விழுந்த ஆசிரியர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வலக்கை வீச்சாளரை மனதில் வைத்துச் சொல்கிறேன். இடக்கைப் பிள்ளைக்கு வலது, இடதை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஓய்வு

நம் இலங்கையில் பாடசாலைக் கிரிக்கெட் பருவம் பொதுவாக செப்டெம்பரில் தொடங்கி மார்ச் வாக்கில் முடியும். ஏப்ரலில் இருந்து ஓகஸ்ட் வரை இடைவெளி. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் இதில் பாதிக் காலம் தென்மேல் பருவமழை கொட்டும். மைதானத்தில் தண்ணீரும் அட்டையும்தான் இருக்கும். பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் காய்ந்து கிடக்கும், மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் வலுக்கும். மைதானம் காய்ந்திருக்கிறதே என்று அந்த ஊவாப் பக்கத்துப் பிள்ளைகள் தினமும் பந்து போடப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் மழையில் அடைபட்டுக் கிடக்கிற பிள்ளைக்குத்தான் அதிர்ஷ்டம். முதுகுக்கு ஓய்வு தானாகக் கிடைத்துவிடுகிறது.

பருவம் முடிந்ததும் மூன்று, நான்கு வாரம் பந்துவீச்சே வேண்டாம். மென்பந்தும் இதில் சேர்த்தி. சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தோட்டத்துக்குத் தோட்டம் மென்பந்துப் போட்டி நடக்கும், பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். போகட்டும், துடுப்பெடுத்தாடட்டும், விக்கெட் பின்னால் நிற்கட்டும். பந்துவீசியே ஆக வேண்டும் என்றால் ஒன்றிரண்டு ஓவரோடு நிறுத்திவிடுங்கள்.

போனை எடுங்கள்

திருத்துவதற்கு முன் பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்கு இது பிடிபடாது. பின்காலும் முன்காலும் ஊன்றி, பந்து கையை விட்டுப் போவதற்குள் கண் இமைத்து முடியாது. போனில் ஸ்லோ மோஷன் வைத்து, நன்றாக உடம்பு சூடான பிறகு, முழு வேகத்தில் ஆறு பந்து எடுங்கள். மூன்று பந்தைப் பக்கவாட்டில், கிரீஸுக்கு (வீச்சாளர் கால் ஊன்றும் கோட்டுக்கு) நேர்கோட்டில் நின்று எடுக்க வேண்டும். மற்ற மூன்றைப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். போன் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் அசையாமல் இருக்கட்டும். நாலு செங்கல்லை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைத்தாலே போதும்.

பிறகு படத்தை மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: பின்கால் ஊன்றும் இடம், முன்கால் ஊன்றும் இடம், பந்து விடுபடும் இடம்.

முதல் இடம்தான் முக்கியம். வலது பாதம் கிரீஸுக்கு இணையாகப் பக்கவாட்டில் கிடந்தால், இடுப்பும் தோளும் அதேபோல் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். பாதம் துடுப்பாட்டக்காரனை நோக்கினால், இடுப்பும் தோளும் அவனை நோக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பாதம் இருந்தால் உடம்பும் நடுவில். இந்த மூன்றுமே நல்ல வீச்சுதான், ஒன்றைவிட ஒன்று உயர்த்தி இல்லை. இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் பார்ப்பதுதான் கெட்டது. கலப்பு ஆக்சன் என்பார்கள்; ஆக்சன் என்றால் பந்துவீசும் முறை. பாதம் முன்னால் பார்க்க, யாரோ சொன்னார்கள் என்பதற்காகப் பிள்ளை தோளை மட்டும் பின்னால் முறுக்குவான். முன்கால் ஊன்றும்போது உடல் எடையின் பல மடங்கு விசை கீழிருந்து மேலே ஏறும். அந்த நேரத்தில் முதுகு முறுக்கியும் பக்கவாட்டில் வளைந்தும் இருந்தால், வளர்ந்துகொண்டிருக்கிற கீழ்முதுகு எலும்பில் மெல்லிய வெடிப்பு விழும். இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெனிஸ் லில்லிக்கே 1973-இல் முதுகெலும்பில் இப்படி வெடிப்பு வந்தது. ஆக்சனைத் திருத்திக்கொண்டு 1974-75 ஆஷஸ் தொடருக்குத் திரும்பினார். திருத்த முடியும், நாள் எடுக்கும்.

கலப்பு ஆக்சனைக் கண்டால் தோளைத் திருத்தப் போகாதீர்கள், பாதத்தைப் பாருங்கள். பாதம் இயல்பாக எப்படி விழுகிறதோ அதற்கேற்பத் தோளை விட்டுவிடுவதே பல பிள்ளைகளுக்குச் சுலபமான வழி. முன்னோக்கி விழுகிற பாதம் உள்ள பிள்ளையை "முன்கையின் உள்பக்கமாகப் பார்த்துப் போடு" என்று சொல்லுங்கள். முன்கை என்பது பந்து இல்லாத, முன்னால் நீளும் இடது கை. பக்கவாட்டில் விழுகிற பாதம் என்றால் முன்கையின் வெளிப்பக்கமாக, இடது தோளுக்கு மேலால் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை மாறினாலே தோள் பாதி சரியாகிவிடும்.

ஈரப் பாதம்

மழை நாளுக்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. சீமெந்துத் தரை உள்ள ஒரு மண்டபம் போதும். பாடசாலை மண்டபமோ, தோட்டத்துக் கலாசார மண்டபமோ, கோயில் மண்டபமோ. தரையில் வெண்கட்டியால் கிரீஸைப் போட்டு, பின்கால் விழும் இடத்திலிருந்து எதிர்முனை ஸ்டம்பை நோக்கி நீளமாக ஒரு கோடு இழுங்கள். பிள்ளை வெறுங்காலை வாளித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, பந்து இல்லாமல், நடந்து வந்து வீசுகிற மாதிரி செய்யட்டும். நடை வேகம் மட்டுமே. ஓடினால் வழுக்கும்.

இப்போது தரையில் இரண்டு தடம் இருக்கும். வலது பாதத்தின் தடம், அதற்கு முன்னால் இடது பாதத்தின் தடம். இடது தடம் கோட்டின்மேல், அல்லது கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. கோட்டைத் தாண்டி வலப்பக்கமாக ஒரு பாத அகலம் குறுக்கே விழுந்திருந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். பிள்ளை உடம்பைச் சுற்றி வளைத்துத்தான் பந்தை விட வேண்டியிருக்கும், தலை இடப்பக்கம் சாயும், பந்து லெக் பக்கம் போகும். தடம் இடப்பக்கமாக விலகிப்போனால் உடம்பு முன்கூட்டியே திறந்துவிடும், வேகம் பாதியில் கசியும். விரல்கள் எங்கே பார்க்கின்றன என்பதையும் கவனியுங்கள். துடுப்பாட்டக்காரனை நோக்கியோ, சற்றே லெக் பக்கம் திரும்பியோ இருக்கலாம்.

இதில் நல்ல விஷயம், நீங்கள் பிழை சொல்லவே தேவையில்லை. தடம் காயும் முன் பிள்ளை தானே திரும்பி வந்து குனிந்து பார்ப்பான். பத்துத் தடவை செய்தால் எட்டுத் தடவை கோட்டில் விழுகிற வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒன்று

படத்தில் ஐந்து குறை தெரியும். ஐந்தையும் ஒரே நாளில் சொன்னால் பிள்ளை ஓடி வரவே மறந்துவிடுவான். இடுப்பு-தோள் முறுக்கலை முதலில் எடுங்கள், அடுத்து முன்கால், அதற்கடுத்து முன்கை, பிறகு மணிக்கட்டு. ஓட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். இதற்கிடையில் வேகம் குறையும், பந்து கண்டபடி போகும். "முன்னே நல்லாத்தானே போட்டான், இப்போ கெடுத்துவிட்டீர்கள்" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

முன்கையை மென்பந்துக்காரர்கள் பெரும்பாலும் சும்மா தொங்கவிடுவார்கள். மேலே உயர்த்தி, உத்தரத்தில் போட்ட கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் முழங்கையை இடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அது இழுக்க இழுக்க வலது தோள் தானாக மேலே வரும். முன்கால் முழங்கால் உறுதியாக நிற்கட்டும், ஆனால் கட்டாயப்படுத்தி விறைக்க வைக்காதீர்கள். காலில் பலம் ஏறும் முன் விறைத்தால் அந்த அதிர்ச்சி நேராக முதுகுக்குப் போகும்.

பழகும் வரிசை: நின்ற நிலை, நடை, மூன்று அடி மெல்லோட்டம், அரை ஓட்டம், முழு ஓட்டம். நின்ற நிலையில் இடது கால் ஏற்கெனவே முன்னால் ஊன்றியிருக்கும். பந்து தாடையருகே, முன்கை மேலே. பின்னால் சாய்ந்து, முன்கையை இழுத்து, பந்தை விட்டு, வலது கை இடது இடுப்பைத் தாண்டிப் போய் முடிய வேண்டும். தலை நிமிர்ந்து இலக்கைப் பார்க்கட்டும். மண்டபத்தில் கயிறு கட்டிப் பழைய கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டால் ஐந்தாறு மீற்றரிலிருந்தே வீசலாம். பந்து கம்பளியில் பட்டு அப்படியே கீழே விழும், கண்ணாடி உடையாது, காவல்காரர் ஏசமாட்டார்.

கையின் கோணத்தில் மட்டும் கை வைக்க அவசரப்படாதீர்கள். காலிப் பக்கத்து ரத்கமயில் மென்பந்து ஆடி வளர்ந்த லசித் மாலிங்கவின் கை கடைசி வரை தாழ்வாகத்தான் வந்தது. அந்தக் கையோடுதான் 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாப்பிரிக்காவின் நான்கு விக்கெட்டை அடுத்தடுத்த நான்கு பந்தில் எடுத்தார். அது அவருக்கு இயல்பாக வந்தது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பத்து வயதில் அதையே நகல் எடுக்கிற பிள்ளைகள்தான் இப்போது தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பிள்ளையின் கை இயல்பாகத் தாழ்வா, நகலா என்று தெரிய, தூரத்திலிருந்து ஒரு பந்தை விக்கெட் காப்பாளரிடம் எறியச் சொல்லிப் பாருங்கள். எறியும்போது கை உயரமாகப் போய், வீசும்போது மட்டும் தாழ்ந்தால் பெரும்பாலும் நகல்தான்.

விரலும் முழங்கையும்

இதற்கு மைதானமே வேண்டாம், வீட்டு இஸ்தோப்பு (திண்ணை) போதும். டென்னிஸ் பந்தின் நடுவில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதுதான் தையல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் டேப்பின் இரு பக்கமும், பெருவிரலின் ஓரம் அடியில் டேப்பின்மேல். பந்து உள்ளங்கையில் ஒட்டக்கூடாது, சின்ன இடைவெளி தெரிய வேண்டும். மென்பந்துக்காரர்கள் உள்ளங்கைக்குள் அமுக்கிப் பிடிப்பார்கள், அந்தப் பழக்கம் இங்கேதான் போகும். மல்லாந்து படுத்துக்கொண்டு பந்தை விரல் நுனியால் கூரையை நோக்கிப் பின்சுழற்சியோடு விடட்டும். டேப் நேராக நின்று சுழன்றால் மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் இருக்கிறது. தள்ளாடினால் விரல் ஒரு பக்கம் வழுக்குகிறது.

சின்னக் கைக்குப் பெரிய பந்தைக் கொடுக்காதீர்கள். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் பந்து இருக்கிறது; பெண்கள் ஆடும் பந்து 140 முதல் 151 கிராம். தங்கச்சிமாருக்கும் இந்த வழிமுறை எல்லாம் அப்படியே பொருந்தும், பந்து மட்டும் சரியானதாக இருக்கட்டும்.

முழங்கை பற்றி ஒரு சொல். பந்து விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்பது சர்வதேசக் கிரிக்கெட் பேரவையின் விதி. முழங்கை மடங்கியிருப்பது குற்றமல்ல, மடங்கிய கை வீசும் நேரத்தில் நிமிர்வதுதான் எறிதல். கண்டியில் வளர்ந்த முத்தையா முரளிதரனின் முழங்கை பிறப்பிலேயே முழுதாக நிமிராதது; அவர் பந்துவீச்சு எத்தனை பரிசோதனைக்குப் போனது என்பது ஊரறிந்த கதை. கண்ணால் பார்த்து "எறிகிறான்" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுப் படத்தில், கை தோள் உயரத்துக்கு வரும்போதும் பந்து விடும்போதும் முழங்கை எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டு, பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். முரளியும் பாடசாலையில் மிதவேகம் போட்டவர்தான், 14 வயதில்தான் சுழலுக்கு மாறினார். எல்லாப் பிள்ளையும் வேகம்தான் போட வேண்டும் என்று சட்டமில்லை.

உடம்பு

தினமும் லயத்து வீட்டிலிருந்து பாடசாலைக்கு ஏறி இறங்குகிற பிள்ளைக்கு மூச்சும் தொடையும் ஏற்கெனவே பலமாகத்தான் இருக்கும். ஆகவே "மலை ஏறு, ஓடு" என்று இன்னும் விரட்டுவதில் பெரிய லாபம் இல்லை. குறைவது இடுப்பைச் சுற்றிய பிடிமானமும், ஒற்றைக் காலில் இறங்கி நிற்கும் உறுதியும். வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம்: முழங்கையில் ஊன்றிப் பலகைபோல் நிற்பது, அதையே இரு பக்கவாட்டிலும் செய்வது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, படிக்கட்டில் ஒற்றைக் காலில் மெதுவாகக் கீழே இறங்கித் தொடுவது, ஒற்றைக் காலில் குதித்து இறங்கி அசையாமல் நிற்பது. கடைசியானதை வெறும் சீமெந்தில் செய்ய வேண்டாம், புல்லிலோ பாயிலோ செய்யட்டும். தொடையின் பின்புறத்தை இழுத்துவிடுவதும் தேவை. பாரம் தூக்குவது இந்த வயதில் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கூடாது.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துக் காலைக் குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றும் முன்பே பதினைந்து நிமிடம் ஓடி, தோளைச் சுழற்றி, உடம்பில் வியர்வை கசிய வேண்டும். அதற்கு முன் பந்தைத் தொட வேண்டாம்.

மைதானத்துக்குத் திரும்புதல்

ஜூலைக் கடைசியில், மழை விடுகிற இடைவெளிகளில், கடினப்பந்தோடு தொடங்கலாம். முதல் வாரம் பாதி வேகத்தில் மூன்று ஓவர், வாரத்தில் இரண்டு நாள். பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எண்ணிக்கையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், மென்பந்து ஓவரையும் சேர்த்து. பருவம் தொடங்கிய பிறகு எவ்வளவு போடலாம் என்பதற்கு இங்கிலாந்து கிரிக்கெட் சபை நெடுங்காலம் வைத்திருந்த அளவு உதவும்: 13 வயதுக்கு உட்பட்டவருக்குத் தொடர்ந்து 5 ஓவர், ஒரு நாளைக்கு 10; 14, 15 வயதுக்கு உட்பட்டவருக்கு 6 ஓவர், ஒரு நாளைக்கு 12; 16, 17 வயதுக்கு உட்பட்டவருக்கு 7 ஓவர், ஒரு நாளைக்கு 18. "நல்லாப் போடுறான், இன்னும் ரெண்டு போடட்டும்" என்று சொல்லுகிற கெப்டன் எல்லா டீமிலும் இருப்பார். அவரிடம் கொப்பியைக் காட்டுங்கள்.

ஓட்டத்தை இப்படி அளக்கலாம்: கிரீஸில் முதுகு காட்டி நின்று, பிட்ச்சுக்கு எதிர்ப்பக்கமாக ஓடி வந்து, எந்த இடத்தில் இயல்பாகத் துள்ளி வீசத் தோன்றுகிறதோ அங்கே வீசட்டும். அந்த இடத்தில் நீங்கள் அடையாளம் வையுங்கள். ஐந்தாறு தடவை செய்தால் அடையாளங்கள் ஒரு கொத்தாக விழும். அதன் நடுவிலிருந்து கிரீஸ் வரை பாதத்தால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் தோட்டத்து மைதானங்களில் சமதரை என்பது பெயருக்குத்தான். ஒரு முனையிலிருந்து இறக்கத்தில் ஓடி வந்தால் காலடி நீளும், முன்கால் கோட்டைத் தாண்டும், நோபோல். மறுமுனையிலிருந்து ஏற்றத்தில் வந்தால் காலடி குறுகி, பிள்ளை கிரீஸுக்கு முன்னமே துள்ளுவான். ஆகவே ஒவ்வொரு மைதானத்திலும், இரண்டு முனைக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். கயிற்றுப் பாய் விரித்த பிட்ச் என்றால் ஆணிச் சப்பாத்து வேண்டாம், இறப்பர் அடி உள்ளதைப் போடட்டும். பாயின் விளிம்பில் கால் தடுக்குகிறதா என்றும் பாருங்கள்.

வலி வந்தால்

தசை வலி இரண்டு நாளில் போய்விடும். கீழ்முதுகின் ஒரு பக்கத்தில், அதுவும் வலக்கை வீச்சாளனுக்கு இடப்பக்கத்தில், ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது குத்துகிற வலி வேறு வகை. தைலம் தடவி அடுத்த போட்டிக்கு அனுப்புகிற விஷயம் அல்ல அது. அன்றே பந்துவீச்சை நிறுத்தி வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். வேகப்பந்து போடுகிற பிள்ளை என்பதை மறக்காமல் சொல்லுங்கள். தொடக்கத்திலுள்ள வெடிப்பு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரே சரி என்றார்களே என்று வலியோடு போட விடாதீர்கள்.

பருவத்தின் முதல் போட்டியில், அடி விழத் தொடங்கியதும் பழைய ஆக்சன் தலைகாட்டும். முன்கை தொங்கும், தலை சாயும். பவுண்டரி ஓரத்திலிருந்து கத்தித் திருத்தப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நின்று ஒரு ஓவரைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் ஆறுதலாக ஏப்ரலில் எடுத்த படத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள். மூன்று நிறுத்தம்தான்: பின்கால், முன்கால், பந்து விடும் கை.